கால்வாய்க்கரையில பைய ஒரு சைக்கிள் ரவுண்டு: உங்க பக்கம் என்ன பாத்திய?

பையப்போ_பாளை

எல்லாருக்கும் வணக்கம். தை பொறந்த பொறவு ஆபீஸ் கெளம்புததுக்கு முன்னாடி வெள்ளன சைக்கிள எடுத்துக்கிட்டு நம்ம பாளையங்கோட்டை பாளையங்கால்வாய்க் கரையோட போய்ட்டு வாரேன். ரேஸ் கிடையாது, மொபைல்ல ஆப் கிடையாது, கியர் கூட கிடையாது, பழைய கருப்பு சைக்கிள், கேரியர்ல ஒரு தண்ணி பாட்டில் அவ்ளோதான். குலவணிகர்புரத்துல ஆரம்பிச்சு மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம், மனசிருந்தா தருவை வரை.

மொதல்ல உள்ளத சொல்லிருதேன், ஊருக்குள்ள கால்வாய் பாக்க முடியாது. சாக்கடை கலக்கு, அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை, மண்டிக் கெடக்கு, பிளாஸ்டிக் கவரு முள்ளுல எல்லாம் தொங்குது, மூக்கப் பொத்திக்கிட்டுதான் மிதிக்கணும். ஆனா நாம போறது தண்ணிக்கு எதுக்க பாத்தியளா, அதனால மேக்க போகப்போக தண்ணி தெளியுது, முன்னீர்பள்ளம் பக்கம் வரும்போது அடியில மணல் தெரியுது, அங்க படில ஆச்சிமாரு துணி தொவைக்காவ, சின்னப்பயலுவ மதகு மேல இருந்து குதிக்கான், ரெண்டு பக்கமும் பிசானப் போகத்து நெல்லு கதிரு வாங்கி நிக்கு. ஒரே கால்வாய்தானான்னு இருக்கும்.

இன்னொண்ணு கவனிச்சேன். சைக்கிள பைய ஓட்டுனா நம்ம ஊர்ல ஒருத்தரும் சும்மா விட மாட்டேங்காவ. "என்ன தம்பி காத்து இல்லையா?" "செயின் கழண்டுட்டா?" "யாரத் தேடுதிய?" மூணுல ஒண்ணு கண்டிப்பா வரும். சும்மாதான் வந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாவ. தருவைக்கு முன்னால ஒரு பெரியவரு மம்பட்டிய தோள்ல போட்டுக்கிட்டு மடை பாக்க வந்தவரு, நான் சும்மா வந்தேன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, "இடம் எதும் பாக்க வந்தீரோ, இது விக்கிற வயல் இல்ல கேட்டீரா"ன்னுட்டாரு. பொறவு அவரே மடைய எப்படி அடைக்கிறதுன்னு காட்டிக் குடுத்தாரு, எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணி, யாரு யாருக்கு விட்டுக் குடுக்கணும்னு எல்லாம் சொன்னாரு. வண்டில டர்ருனு போயிருந்தா அவரு தலையக் கூட நிமிந்திருக்க மாட்டாரு.

அதான் கேக்கேன், உங்க பக்கம் இப்படி பைய போற ரூட்டு எது, போற வழில என்ன பாத்திய, யாரப் பாத்திய? எழுதுங்க. நெல்லை, பாளை, டவுன், அம்பை பக்கம் எதுனாலும் சரி.

ரெட்டியார்பட்டி_எக்ஸ்பிரஸ்

அண்ணே தப்பா எடுத்துக்காதீங்க, பத்து கிலோமீட்டர் வேகத்துல போறதுக்கு நடந்தே போயிரலாமே? நாங்க அஞ்சு பேரு காலைல 5 மணிக்கு நாலுவழிச்சாலைல ரெட்டியார்பட்டி மலை வெட்டு தாண்டிப் போய்ட்டு திரும்புவோம், சராசரி 27, 28 வரும். உடம்புக்குன்னா அதுதான் எக்ஸர்சைஸ். கால்வாய்க்கரைல கல்லும் முள்ளும், டயரு என்னத்துக்கு ஆகும்? நாய் வேற.

குறுக்குத்துறை_கிழவன்

எக்ஸ்பிரஸ் தம்பி, உங்க அஞ்சு பேரையும் நான் பாத்திருக்கேன், கண்ணாடியும் ஹெல்மெட்டுமா போறிய, நல்லா இருங்க. ஆனா ரெட்டியார்பட்டி மலைல இருந்து கெழக்க சூரியன் எழும்புதத என்னைக்காச்சும் நின்னு பாத்தியளா சொல்லுங்க.

என் ரூட்டு ரொம்பச் சின்னது. டவுன்ல வீடு. ரிட்டயர் ஆனதுல இருந்து காலைல காப்பி குடிச்சிட்டு ரத வீதி நாலையும் ஒரு சுத்து. அந்த நேரத்துல கீழ ரத வீதியப் பாக்கணும் நீங்க, சாயங்காலம் அல்வாக்கு நிக்கிற கூட்டத்துல கால் வைக்க முடியாத இடம், காலைல ஒரு மாடும் நானும் மட்டும். பூக்காரிமாரு கொட்டான இறக்கி நெல்லையப்பர் கோயில் வாசல்ல உக்காந்து கட்ட ஆரம்பிச்சிருப்பாவ. அங்ஙன இருந்து நேரா குறுக்குத்துறை.

குறுக்குத்துறை முருகன் கோயிலப் பத்தி வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லுதேன். கோயிலு ஆத்துக்குள்ளதான் இருக்கு, கரையில இல்ல. வெள்ளம் வந்தா முங்கும், அதுக்காகவே மேக்குப் பக்கம் தண்ணியப் பொளக்குத மாதிரி கட்டிருக்காவ. ஆத்துல தண்ணி கூடுதுன்னு தெரிஞ்சதும் உற்சவரத் தூக்கிட்டு வந்து மேலக்கோயில்ல வச்சிருவாவ, வடிஞ்ச பொறவு கழுவி விட்டு திரும்பக் கொண்டு போவாவ. 1992 நவம்பர்லயும் பாத்தேன், 2023 டிசம்பர் 17, 18லயும் பாத்தேன். அந்த 2023 வெள்ளத்துல கலெக்டர் ஆபீஸ் பக்கமெல்லாம் தண்ணி நின்னுச்சே, அப்பம் கோயில் தெரியவே இல்ல. வடிஞ்சு சைக்கிள எடுத்துட்டுப் போய்ப் பாத்தா சேறு எங்க பாத்தாலும், மரக்கிளைல வைக்கோலும் சேலையும் தொங்குது. எந்த உயரத்துல தொங்குதுன்னு பாத்தாலே போதும், தண்ணி எம்புட்டு வந்துச்சுன்னு யாரும் சொல்ல வேண்டாம்.

படித்துறைல குளிக்க வாரவங்க ஒரு தனி கூட்டம். எல்லாரும் பல வருஷமா ஒரே நேரம், ஒரே படி. ஒருத்தரு வரலேன்னா சாயங்காலத்துக்குள்ள அவரு வீட்டுக்கு ஆளு போயிரும். நான் குளிக்கிறது கிடையாது இப்பம், மூட்டு வலி, சைக்கிள ஸ்டாண்டு போட்டு கேரியர்ல கையூணிக்கிட்டு அரசியல் பேசிட்டு வந்திருவேன். ஒரு காலத்துல மணிக்கு இத்தனை காசுன்னு வாடகை சைக்கிள் எடுத்து இதே ஆத்துக்கு வருவோம், ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பக் கொண்டு விடணும்னு தலைய ஈரத்தோட மிதிப்போம். இப்பம்தான் நேரம் நம்ம கையில இருக்கு.

தறிச்சத்தம்

பையப்போ அண்ணன் எங்க ஊரு வழியாத்தான் போறிய, மேலப்பாளையத்த ஒரே வரில மூக்கப் பொத்துன்னு முடிச்சிட்டியளே :)

கால்வாய் நாறுது, ஒத்துக்கிடுதேன். ஆனா அது எங்க சாக்கடை மட்டும் இல்ல. அத விடுங்க, நீங்க கரையோட போகாம ஒரு நாள் உள்ள தெருவழியா வாங்க. காலைல ஏழு மணிக்கு திண்ணைல பொம்பளைய முறத்த மடியில வச்சுக்கிட்டு பீடி சுத்த உக்காந்திருவாவ, கையி அது பாட்டுக்கு இலைய வெட்டும் தூள வைக்கும் சுருட்டும் நூலக் கட்டும், வாயி பக்கத்து வீட்டோட பேசிக்கிட்டே இருக்கும், கண்ணு தெருவுல யாரு போறான்னு பாக்கும். புதுசா ஒரு சைக்கிள் போச்சுன்னா அடுத்த தெருவுக்கு நீங்க போறதுக்கு முன்னாடி சேதி போயிரும். எங்க சின்னம்மா கிட்ட நேத்து கேட்டேன், கருப்பு சைக்கிள்ல ஒருத்தரு காலைல போவாரான்னு, "அந்த பச்ச பாட்டில்காரரா"ன்னு கேக்காவ. இப்ப சொல்லுங்க, பாட்டில் பச்சையா?

தறிச் சத்தம் எல்லாம் கொறஞ்சு போச்சு. என் பேரு அதனாலதான் இப்படி வச்சிருக்கேன். சின்ன வயசுல எந்தத் தெருவுல போனாலும் கேக்கும், இப்பம் சைக்கிள நிப்பாட்டி காதுகுடுத்தாதான் எங்கயாச்சும் ஒரு வீட்டுல. பஸ்ஸுல, கார்ல போறவனுக்கு மேலப்பாளையம்னா சந்தையும் டிராபிக்கும்தான்.

அப்புறம் கருப்பந்துறை தரைப்பாலம் வழியா ஆத்தக் கடந்து டவுனுக்குப் போற வழி இருக்கு, அண்ணாச்சி சொன்ன குறுக்குத்துறைக்கு அங்ஙன இருந்து பக்கம். தண்ணி கொறவா ஓடும்போது மட்டும் போங்க. பாலத்து மேல தண்ணி தாண்டுனா யாரு சொன்னாலும் எறங்காதிய, முட்டளவு தண்ணி தானன்னு தோணும், சைக்கிளோட சேத்து இழுத்துரும்.

பையப்போ_பாளை

@தறிச்சத்தம் பாட்டில் பச்சைதான் வே, ஐயோ. இனிமே மேலப்பாளையம் வழியா தலை சீவிட்டுத்தான் வரணும் போல.

தெருவழியா கண்டிப்பா வாரேன். @அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி ஆத்தையும் கால்வாயையும் சேத்துப் பாத்தா நம்ம ஊரு ரோடெல்லாம் ஏன் இப்படி வளையுதுன்னு புரிய ஆரம்பிக்குது, தண்ணி எப்படிப் போச்சோ அப்படித்தான் ஊரு, ஊரு எப்படியோ அப்படித்தான் ரோடு.

வண்ணார்பேட்டை_டீச்சர்

நான் எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருந்தேன், எல்லாம் ஆம்பளைங்களா இருக்கீங்க. சரி எழுதுதேன்.

எனக்கு ரவுண்டு போகன்னு தனி நேரம் கிடையாது. டவுன்ல ஒரு ஸ்கூல்ல வேலை, ஸ்கூட்டி இருக்கு, ஆனா வாரத்துல பாதி நாள் சைக்கிள்தான். வண்ணார்பேட்டைல இருந்து சுலோச்சன முதலியார் பாலம் ஏறி, ஜங்ஷன், ஈரடுக்குப் பாலத்துல கீழ் அடுக்கு, டவுன். பஸ்ஸும் லாரியும் மேல போகும், நாங்க சைக்கிள், டூவீலர்காரங்க எல்லாம் கீழ, 1973ல கட்டுன பாலம், அப்பவே சைக்கிள்காரனுக்குன்னு ஒரு மாடி ஒதுக்கிருக்காங்க பாருங்க. இப்ப புதுசா போடுற ரோட்டுல நமக்கு ஒரு ஓரம் கூட கிடையாது.

சுலோச்சன முதலியார் பாலத்துல நான் கண்டிப்பா ஒரு தடவை எறங்கி நிப்பேன். 1843ல தொறந்தது, முதலியாரு சொந்தக் காசப் போட்டு கட்டுனாருன்னு பிள்ளைங்களுக்கு வகுப்புல சொல்லுவேன், ஆனா பாலத்துல போறவங்கள்ல எத்தன பேரு கீழ ஆத்தப் பாக்காங்க? தைப்பூச மண்டபம் பக்கம் காலைல யாராச்சும் திதி குடுத்துக்கிட்டு இருப்பாங்க, கொக்கு வரிசையா நிக்கும், எருமை முங்கிக் கெடக்கும். மழை பெஞ்ச மறுநாள் தண்ணி செங்காவியா ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. கவர்மெண்ட் குடுத்த சைக்கிள்ல வர்ற பிள்ளைங்க. பதினொண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க, ரெட்டைச் சடை, மூணு மூணு பேரா ரோட்டையே அடைச்சிக்கிட்டு ஊர்க்கதை பேசிட்டு வரும். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சு ஓய்ஞ்சிருவான், ஒண்ணும் அசையாது. நான் பொறத்தால பைய போய்க்கிட்டே கேப்பேன். யாருக்கு யாரு லெட்டர் குடுத்தா, எந்த மிஸ்ஸு சேலை நல்லாருக்கு, எந்த மிஸ்ஸு மூஞ்சி கடுகடு, எல்லாம் வரும். ஒரு நாள் என்னப் பத்தியே வந்துச்சு. "ஏட்டி, அந்த மேத்ஸ் மிஸ்ஸு சைக்கிள்லயா வருது, பாவம் பெட்ரோலுக்குக் காசு இல்ல போல." பெல்ல அடிச்சேன் பாருங்க, மூணு சைக்கிளும் மூணு பக்கம் பறந்துச்சு.

தனியா சைக்கிள்ல போற பொம்பளைக்கு இங்க ஒரு தொந்தரவு இருக்கத்தான் செய்யுது, அத மறைக்க வேண்டாம். டூவீலர்ல பக்கத்துல வந்து வேகத்தக் குறைச்சு ஓட்டிக்கிட்டே வருவானுங்க. நான் கண்டுபிடிச்ச வழி, உடனே எறங்கி பக்கத்துல இருக்க டீக்கடைல அண்ணாச்சின்னு கூப்பிட்டு தண்ணி கேக்கது. அவன் போயிருவான். அதனால ஆள் இல்லாத கால்வாய்க்கரைக்கு நான் தனியா வர மாட்டேன், நாலு பேரா போனா வருவேன்.

கொக்குப்பார்வை

டீச்சர் சொன்ன கொக்கு வரிசைல ஆரம்பிக்கேன். நான் சைக்கிள் எடுக்கதே பறவைக்காக. பைக் சத்தத்துக்கு எல்லாம் எழும்பிரும், நடந்து போனா ரெண்டு குளத்துக்கு மேல பாக்க முடியாது, சைக்கிள்தான் இதுக்குன்னே செஞ்சது.

டவுன்ல இருக்கவங்களுக்கு நயினார்குளம் போதும். சுத்தமல்லி அணைக்கட்டுல இருந்து வர்ற நெல்லைக் கால்வாய்த் தண்ணிதான் அங்க வருது. தை மாசம் காலைல போனா நாமக்கோழி கூட்டமா, நீர்க்காகம் செறகை விரிச்சு காயப்போட்டு நிக்கும், முக்குளிப்பான் இன்னா இருக்குன்னு காட்டுததுக்குள்ள முங்கிரும். பக்கத்துல காய்கறி மார்க்கெட் லாரி எல்லாம் நிக்குது, அதுக பாட்டுக்கு இருக்கு. பாளைக்காரங்க வேய்ந்தான்குளம் போங்க, புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே இருந்தும் பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு ஆளு திரும்பிப் பாக்க மாட்டாரு. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், சில சமயம் மஞ்சமூக்கு நாரை.

ஜனவரில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2011ல இருந்து நடக்கு. காலேஜ் பிள்ளைங்க, டாக்டரு, விவசாயி யாரு வேணும்னாலும் சேரலாம், குளம் குளமாப் பிரிச்சுக்கிட்டு எண்ணுவாவ. நான் அதுல போகப்போயிதான் குளத்து பேரெல்லாம் கத்துக்கிட்டேன்.

கூந்தன்குளத்துக்கு சைக்கிள்ல போகணும்னு யாராச்சும் கேப்பிய, அதையும் சொல்லிருதேன். 35 கிலோமீட்டருக்கு மேல, அத பைய ஒரு ரவுண்டுன்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு தடவை பாக்கணும். 1994ல சரணாலயம்னு அறிவிச்சாவ, ஆனா அதுக்கு முன்னாடி இருந்தே ஊர்க்காரங்கதான் காவல். வீட்டு முத்தத்து மரத்துலயே நாரை கூடு கட்டிருக்கும், கீழ திண்ணைல தாத்தா பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு, மேல இருந்து என்ன விழுந்தாலும் தட்டி விட்டுட்டு திரும்பப் படிப்பாரு. தீவாளிக்கு வெடி போட மாட்டாவ. எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு அவியளுக்குத் தெரியும். வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வருது அங்க, எக்ஸ்பிரஸ் தம்பி சராசரி 28லாம் அது கிட்ட சொல்லாதிய.

ரெட்டியார்பட்டி_எக்ஸ்பிரஸ்

ஹாஹா சரி சரி, எல்லாரும் என்னையே ஓட்டுங்க.

ஆனா ஒரு உருப்படியான விஷயம் சொல்லுதேன், வேகமா ஓட்டுறவனுக்குத்தான் இது நல்லா தெரியும். காத்து. இப்ப தைல பிரச்சன இல்ல. ஆனி, ஆடில பையப்போ அண்ணன் இதே ரூட்ல மேக்க பாத்துப் போனா தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாவும் ஆரல்வாய்மொழி வழியாவும் வர்ற காத்து, கரண்டு எடுக்க காத்தாடி எல்லாம் சும்மாவா நட்டு வச்சிருக்கான், தட்டை ரோட்டுலயே மலை ஏறுத மாதிரி இருக்கும். அதனால ஆனில இருந்து ஆவணி வரை வெள்ளன இருட்டோட கெளம்பி மேக்க போயிரணும், அப்ப காத்து கொஞ்சம் அடங்கி இருக்கும். எட்டு மணிக்கு மேல எழும்பும். திரும்பி வரும்போது முதுகுல வாங்கிக்கிட்டு மிதிக்காமலே வந்திரலாம். இத மாத்திச் செஞ்சா, கெழக்க ஜாலியா போய்ட்டு திரும்ப வீட்டுக்கு வரும்போது அழணும்.

ஐப்பசி, கார்த்திகைல காத்து வடகெழக்க இருந்து, அதோட மழை, அப்ப யாரும் கரைக்குப் போகாதீங்க, களிமண்ணு மட்கார்டுக்குள்ள அப்பி சக்கரம் சுத்தாது.

குறுக்குத்துறை_கிழவன்

பாருங்க, வேகமா போற பயகிட்டயும் சரக்கு இருக்கு.

நான் இதுல கொஞ்சம் சேக்கேன். கரையோட போறவங்க மாசத்தப் பாத்துப் போங்க. பங்குனி, சித்திரைல கால்வாய் காஞ்சு கெடக்கும், தண்ணில பாக்க ஒண்ணும் இருக்காது, ஆனா அப்பம்தான் பனைமரத்தடில பதநீர் கெடைக்கும், மாசிக் கடைசில இருந்தே எறக்க ஆரம்பிச்சிருவாவ. வெயிலு ஏறுததுக்குள்ள போகணும், ஓலைப்பட்டைல குடிக்கணும், பிளாஸ்டிக் தம்ளர் நீட்டுனா வாங்காதிய. கார் போகத்து நெல்லு சாகுபடிக்கு ஜூன்ல அணை தொறப்பாவ, தண்ணி இருந்தா. நாங்க பழைய ஆளுவ பேப்பர்ல பாபநாசம் அணை 143 அடில எம்புட்டு நிக்குன்னு பாத்துட்டுத்தான் மத்த பக்கத்தத் திருப்புவோம்.

பிசானம் அறுப்பு முடிஞ்ச பொறவு, மாசி, பங்குனிலதான் கரை ரொம்ப நல்லா இருக்கும்னு நான் சொல்லுவேன். வாத்துக்காரங்க வருவாவ. ஆயிரக்கணக்குல வாத்து, ஒரு ஆளு கம்ப நீட்டுனா அத்தனையும் ஒரு பக்கமா திரும்பும். ரோட்டக் கடக்கும்போது சைக்கிள நிப்பாட்டிட்டு பாத்துக்கிட்டே இருக்கலாம், பின்னால காரு நிக்கும், கத்துவான், கத்தட்டும். ஆட்டுக்கிடையும் போடுவாவ, ராத்திரி வயல்ல ஆட்ட அடைச்சு வச்சா அதோட புழுக்கையும் கோமியமும் உரம், வயக்காரன் கிடைக்காரனுக்கு கூலி குடுப்பான். கிடைக்காரங்க கிட்ட பேச்சு குடுத்தா எந்த ஊர்ல மழை, எந்தக் கொளத்துல தண்ணின்னு வரப்பு வரப்பா சொல்லுவாவ.

அம்பத்தூர்ல_நெல்லைக்காரன்

ஏன்டா இந்த இழைய ஆபீஸ்ல தொறந்தேன்னு இருக்கு. பதநீர்ங்கீங்க, வாத்துங்கீங்க.

சொந்த ஊரு கோபாலசமுத்திரம் பக்கம். பொங்கலுக்கு வந்தப்ப சித்தப்பா சைக்கிள எடுத்துக்கிட்டு பழவூர் அணைக்கட்டு வரை போனேன். பையப்போ, நீங்க தருவையோட திரும்புதிய, இன்னும் கொஞ்சம் மிதிச்சா உங்க கால்வாய் ஆத்துல இருந்து பிரியுற எடத்தயே பாத்திரலாம். ஆத்துக்குக் குறுக்க கல்லு போட்டு, தண்ணி மேல வழியுது, ஒரு பக்கம் ஷட்டர் வழியா கால்வாய்க்கு. எல்லாம் வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி கட்டுனது, எட்டு அணைக்கட்டுல ஸ்ரீவைகுண்டம் ஒண்ணுதான் அவன் கட்டுனது. அங்க தூண்டில் போட்டுக்கிட்டு இருந்த அண்ணன்கிட்ட என்ன மீனுன்னு கேட்டேன், "பேசாம இருந்தா வரும்"ன்னாரு. பேசாம அரை மணி நேரம் இருந்தேன், வரல.

வழில எல்லாரும் "யாரு மவன்"னு கேட்டாவ. பேரச் சொன்னா தெரியல, அப்பா பேரச் சொன்னா தெரியல, தாத்தா பட்டப்பேரச் சொன்னதும் "அட நீயா"ன்னு டீ வாங்கிக் குடுத்தாவ. பட்டப்பேரு இங்க எழுத முடியாது.

உடைமுள்ளு

எல்லாரும் கதை சொல்லுதிய, ஒருத்தரும் பஞ்சரப் பத்திப் பேசல. நான் பேசுதேன், என் பேரே அதுதான்.

கரையெல்லாம் உடைமரம். முள்ளு காஞ்சு மண்ணுல கெடக்கும், டயருக்குள்ள ஏறுனது தெரியாது, வீட்டுக்கு வந்து நிப்பாட்டி மறுநாள் பாத்தா காத்து இருக்காது. முள்ளு குத்துனது தெரிஞ்சா அங்கயே புடுங்காதிய! புடுங்குனாதான் காத்து எறங்கும், முள்ளோட பைய வந்தா பக்கத்து ஊரு கடை வரை வந்திரலாம். வெயில்ல நிறுத்தும்போது காத்து கொஞ்சம் கொறச்சு வைங்க. கரைல மெல்லிசு டயரு ஆகாது, இதுல பையப்போ அண்ணன் பழைய சைக்கிள்தான் ராஜா, கனமான டயரு, கனமான ரிம்மு, கல்லுல ஏறுனாலும் கேக்காது.

இன்னொண்ணு, சைக்கிள் கடை இப்ப ஊருக்குள்ளயே கொறஞ்சு போச்சு, பைக் பஞ்சர் கடைல சைக்கிள் டியூப எடுத்தா "இதுக்கு ஒட்டு இல்ல தம்பி"ங்கான். முன்னீர்பள்ளத்துல ஒரு பெரியவரு வேப்பமரத்தடில பம்பும் தண்ணிச் சட்டியுமா இருக்காரு, டியூப தண்ணில முக்கிப் பாத்து, முட்டை வர்ற எடத்துல பென்சில்ல வட்டம் போட்டு, உரசி, சொல்யூஷன் தடவி, காயுறதுக்குள்ள ஒரு ஊர்க்கதை சொல்லி முடிப்பாரு. அவரு சொன்ன கதைல பாதி பொய்யா இருக்கும், பரவால்ல, ஒட்டு நிக்கும்.

நாயிக்கு ஒரே மருந்துதான். ஓடாதிய. எறங்கிருங்க, சைக்கிள நாய்க்கும் நமக்கும் நடுவுல வச்சுக்கிட்டு நடங்க. அது தொரத்துறது சக்கரத்தத்தான், நின்னா அதுக்கு சுவாரஸ்யம் போயிரும்.

பையப்போ_பாளை

இம்புட்டு பேரு எழுதுவியன்னு நெனைக்கல. அப்பம் ஒண்ணு செய்வோமா, வர்ற ஞாயித்துக்கெழமை வாரவங்க எல்லாரும் சேந்து ஒரு ரவுண்டு. காலைல 6 மணி, குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம். மேலப்பாளையம் தெருவழியா, பொறவு கரை, முடிஞ்சா பழவூர் அணைக்கட்டு. பத்தமடை வரை போய் கோரை காயப்போட்டிருக்கதயும் பாய் நெய்யுறதயும் பாக்கலாம்னு ஒரு ஆசை இருக்கு, ஆனா அது தூரம், வெயிலு வந்திரும். டீச்சர், நாலு பேருக்கு மேல ஆயிட்டோம், வாங்க.

வண்ணார்பேட்டை_டீச்சர்

வாரேன். என் கூட வேலை பாக்கிற ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாரேன். யாரும் "பாத்து மேடம் பாத்து மேடம்"னு பக்கத்துலயே வரக்கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்.

தறிச்சத்தம்

எங்க தெருவுக்கு வரும்போது ஏழு மணி ஆயிரும், டீயும் சம்சாவும் எங்க வீட்டுல. சின்னம்மாகிட்ட சொல்லிட்டேன், அதனால தெரு பூரா தெரியும்.

ரெட்டியார்பட்டி_எக்ஸ்பிரஸ்

நான் வரலாமா? கியர் சைக்கிள்தான் இருக்கு, ஆனா பின்னாலதான் வருவேன், சத்தியமா.

கொக்குப்பார்வை

வாங்க, ஆனா அந்த மஞ்சள் பளபளா ஜெர்சி வேண்டாம், ஒரு பறவை நிக்காது.

குறுக்குத்துறை_கிழவன்

நான் பழவூர் வரை வர மாட்டேன், மூட்டு விடாது. டவுன்ல இருந்து கருப்பந்துறை வழியா தறிச்சத்தம் வீட்டுக்கு வந்து சம்சா மட்டும் சாப்ட்டுட்டு திரும்பிருவேன்.

அம்பத்தூர்ல_நெல்லைக்காரன்

ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்து சேரலாம்னு பாத்தா நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட் காட்டுது. போட்டோ போடுங்க, இல்ல போடாதீங்க, வயிறெரியும்.

உடைமுள்ளு

பம்பும் ஒட்டுச் சாமானும் நான் கொண்டு வாரேன். எம் பையன் ஆறு வயசு, நானும் வாரேன்னு அழுதான். கேரியர்ல உக்கார வச்சா கால் கம்பிக்குள்ள போயிருமோன்னு பயமா இருக்கு, முன்னால பார்ல துண்ட மடிச்சுக் கட்டி உக்கார வைக்கலாமா, யாராச்சும் அப்படிக் கூட்டிட்டுப் போயிருக்கியளா?

வண்ணார்பேட்டை_டீச்சர்

துண்டு வேண்டாம், வழுக்கும். சைக்கிள் கடைல பார்ல மாட்டுற குட்டி சீட்டு கெடைக்கும், கால் வைக்க ரெண்டு பக்கமும் கம்பி இருக்கத வாங்குங்க. எங்க பக்கத்து வீட்டுல ஒண்ணு சும்மா கெடக்கு, சனிக்கெழமை சாயங்காலம் வண்ணார்பேட்டை வந்தா வாங்கித் தாரேன், ஸ்பேனர் மட்டும் எடுத்துட்டு வாங்க.